தந்தை மறைந்த பின்

லுணுகலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் ஒரு தகப்பன் திடீரெனக் கண்ணை மூடிவிட்டால், தப்பொலி கேட்டு லயமே கூடிவிடும். கருமாதி வரை அவ்வீட்டுக்கு ஆள் துணை உண்டு. அதன் பின்னரே துன்பம் தொடங்குகிறது. தாயின் ஒற்றைச் சம்பளத்தில் அடுப்பெரிய வேண்டும். “மூத்தவனைக் கொழும்பிலே ஒரு கடையில் சேர்த்துவிடலாமே!” என்பார் உறவினர். நல்லெண்ணத்தோடுதான் சொல்வார், ஆனால் ஒரு பிள்ளையின் எதிர்காலம் அந்தச் சொல்லில் அடங்கிக் கிடக்கிறது.

இக்கட்டத்தை நம் கண்முன் நிறுத்தும் வங்காளப் படம் ஒன்றுண்டு. விபூதிபூஷண் பந்தோபாத்யாயாவின் நாவல்களைத் தழுவி, சத்யஜித் ராய் 1956இல் எடுத்த ‘அபராஜிதோ’ அது. 1957இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பரிசு பெற்றது.

காசிப் படித்துறையில் புராணம் படித்துப் பிழைக்கும் ஹரிஹரர் காய்ச்சலில் விழுந்து இறந்துபோகிறார். ஒப்பாரியை ராய் நீட்டவில்லை. உயிர் பிரியும் வேளையில் புறாக் கூட்டமொன்று வானில் எழுகிறது, அவ்வளவே. மனைவி சர்வஜயா செல்வர் வீட்டில் சமையல் வேலைக்குப் போகிறாள். சிறுவன் அபு அவ்வீட்டு எசமானுக்கு ஹூக்கா எடுத்துச் செல்கிறான். படியில் நின்று அதைப் பார்க்கும் தாய் வாய் திறப்பதில்லை. மகன் ஏவலாளாக வளர அவள் மனம் ஒப்பவில்லை. அவனை அழைத்துக்கொண்டு ரயிலேறிவிடுகிறாள்.

கிராமத்தில் பூசைத் தொழில் பழகும் அபு, பள்ளிக்கூடம் போக ஆசைப்படுகிறான். இரண்டையும் செய்து, உபகாரச் சம்பளம் பெற்று, கல்கத்தாக் கல்லூரிக்குப் புறப்படுகிறான். முதலில் தடுத்த தாயே, சேர்த்து வைத்த காசை எடுத்துக் கொடுக்கிறாள். பின்பு தன் நோயை அவனிடம் மறைத்து, தனிமையிலேயே உயிர் விடுகிறாள். அத் தியாகத்துக்கு அவள் கொடுத்த விலை நம் நெஞ்சை அறுக்கிறது.

சர்வஜயாவுக்கு இல்லாத சில துணைகள் நம் தோட்டத்துத் தாய்க்கு உண்டு. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஊழியர் சேமலாப நிதியும், 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் பணிக்கொடையும் இறந்தவரின் உரித்தாளரைச் சேரவேண்டியவை. 2016 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். ஆயினும் தோட்டப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர் என்றிருந்தால் பணம் கைக்கு வர நாட்செல்லும். தகப்பன் இருக்கும்போதே இவற்றைச் சரிபார்த்து வைப்பது குடும்பத்துக்குச் செய்யும் பெருங்காவல்.

துக்கம் கேட்கப் போகும் நாமும் ஒன்று செய்யலாம். கண்ணீரைத் துடைத்துவிட்டு, “பிள்ளை பள்ளிக்கூடம் போகிறானா?” என்றும் கேட்டு வருவோம்.