முத்து வாசல், தங்க வீதி... பைபிள் சொல்லும் பரலோக நகரம் ஏன் கனசதுரமாக இருக்கு?

பரலோகம்னு சொன்னதுமே பலருக்கு ஞாபகம் வருவது முத்து வாசலும் தங்க வீதியும்தான். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம், 21-ம் அதிகாரத்தில் 'புதிய எருசலேம்' என்ற நகரத்தை இப்படித்தான் விவரிக்கிறது. மனிதர்கள் மேலே போவதில்லை. நகரமே வானத்திலிருந்து இறங்கி வருகிறது.

அதிகம் பேசப்படாத விஷயம் அதன் அளவு. நீளம், அகலம், உயரம் மூன்றுமே 12,000 ஸ்தாதி, ஏறத்தாழ 2,200 கி.மீ. இவ்வளவு உயரத்தில் ஒரு நகரமா? கட்டட பிளான் மாதிரி படித்தால் ஒன்றும் புரியாது. (பலர் அப்படித்தான் படிக்கிறார்கள்!)

விடை பழைய ஏற்பாட்டில் இருக்கு. சாலொமோன் கட்டிய ஆலயத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலமும் கனசதுரம்தான். ஒவ்வொரு பக்கமும் 20 முழம். கடவுளின் சந்நிதியாகக் கருதப்பட்ட அந்த அறைக்குள் பிரதான ஆசாரியர் மட்டும், அதுவும் வருஷத்துக்கு ஒரு நாள்தான் போகலாம்.

அந்தச் சின்ன அறைதான் இங்கே ஊராக விரிகிறது. அதனால்தான் அந்த நகரத்தில் தனியாக ஆலயம் கிடையாது. வாசல்களும் அடைக்கப்படுவதில்லை.

எருசலேம் ஆலயத்தை ரோமர்கள் இடித்தது கி.பி. 70-ல். இந்தப் புத்தகம் கி.பி. 95 வாக்கில் எழுதப்பட்டது என்கிறார்கள் பெரும்பாலான அறிஞர்கள். அப்போ, இதை முதலில் கேட்ட ஆசியா மைனர் (இன்றைய துருக்கி) சபைகளின் காலத்தில் அந்த அறையே இல்லை. பெர்கமு ஊர் சபையில் அந்திப்பா என்பவர் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டதை இதே புத்தகம் பதிவு செய்கிறது. சாவைப் பக்கத்தில் பார்த்த அவர்களுக்குத்தான் மரணமும் கண்ணீரும் இல்லாத ஊர் காட்டப்பட்டது.

ஆதியாகமத்தில் ஏதேன் தோட்டத்தின் ஜீவ விருட்சத்தைச் சுடரொளிப் பட்டயம் காவல் காத்தது. கடைசி அதிகாரத்தில் அதே மரம் ஆற்றின் இரு கரையிலும் நிற்கிறது, மாதம் ஒருமுறை கனி கொடுத்துக்கொண்டு. காவலுக்கு யாரும் இல்லை.