மலை இடிந்து ஏரி ஆனது!

சுமத்ராவில் வெடித்த எரிமலையின் சாம்பல் ஆந்திராவில்!

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து நகரத்தார்கள் முன்பு கப்பல் ஏறிப் போய், லேவாதேவி செய்த ஊர்களில் ஒன்று மேடான். இது சுமத்ரா தீவில் இருக்கிறது.

மேடானுக்குத் தெற்கே 'தோபா' என்று ஒரு பெரிய ஏரி. நீளம் சுமார் 100 கிலோமீட்டர். அகலம் 30 கிலோமீட்டர். இது யாரும் வெட்டிய ஏரி அல்ல. எரிமலை வெடித்து, உள்ளே இடிந்து விழுந்த பள்ளம்!

பூமிக்குள் ஓர் அறை

இந்தியப் பெருங்கடலின் தரை, சுமத்ராவுக்கு அடியில் மெல்ல மெல்லச் சொருகிக்கொண்டு இருக்கிறது. அதில் உள்ள நீர் வெளியேறி, மேலே உள்ள பாறையை உருக்குகிறது. உருகிய குழம்பு கனம் குறைந்தது. அதனால் மேலே ஏறி, சில கிலோமீட்டர் ஆழத்தில் தங்குகிறது. இதைக் 'குழம்பு அறை' என்று சொல்லலாம். ஆனால், வெற்றிடம் அல்ல. குழம்பும் படிகமும் கலந்த கெட்டிக் கஞ்சி போல இருக்கும்.

குழம்பு ஆற ஆறப் படிகங்கள் உறைகின்றன. மிஞ்சிய குழம்பு பிசின் போல ஆகிறது. அதில் நீராவியும் மற்ற வாயுக்களும் அடைபட்டுக் கிடக்கின்றன, கோலி சோடாவுக்குள் வாயு கிடப்பது போல!

கூரை இறங்கியது

அடியில் இருந்து புதுக் குழம்பு வந்து சேரச் சேர, அறையின் கூரை மேலே தூக்கப்படுகிறது. கூரையில் வட்டமாக விரிசல் விழுகிறது. அதன் வழியே குழம்பு பீறிடுகிறது. கோலியை அழுத்தியதும் சோடா பொங்குகிறது அல்லவா? அப்படி நுரைத்துப் பொங்கி, சாம்பலாகச் சிதறுகிறது.

அறை காலியானதும் கூரையைத் தாங்க எதுவும் இல்லை. அப்படியே உள்ளே இறங்குகிறது. அந்தப் பாரம், இடியாப்ப உரலை அழுத்துவது போல, மீதிக் குழம்பையும் பிதுக்கித் தள்ளுகிறது. இப்படி உண்டாகும் பள்ளத்துக்குக் 'கால்டெரா' என்று பெயர். ஸ்பானிய மொழியில் கொப்பரை என்று அர்த்தம்.

மனிதன் பிழைத்தான்

தோபா சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. வெளிவந்த குழம்பு சுமார் 2,800 கன கிலோமீட்டர்! சாம்பல் கடல் தாண்டி இந்தியாவிலும் கொட்டியது. ஆந்திராவில் பனகானபள்ளி அருகே உள்ள ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பல் மண்ணுக்குள் படிந்திருக்கிறது. சாம்பலுக்கு அடியிலும் கல் ஆயுதங்கள். மேலேயும் அதே மாதிரி ஆயுதங்கள்! அந்தப் பேரழிவையும் தாண்டி அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் அறிவித்தார்கள்.

மறுபடியும் வெடிக்குமா?

அறைக்குள் குழம்பு இன்னும் இருக்கிறது. வெடிப்புக்குப் பின் அடியில் சேர்ந்த குழம்பு, விழுந்த தரையை மேலே தள்ளியது. ஏரியின் நடுவே உள்ள சமோசிர் தீவு அப்படி எழுந்ததுதான். ஏரியடி வண்டல் இன்று தீவின் மேட்டில் கிடக்கிறது!

தோபாவில் கடந்த 12 லட்சம் ஆண்டுகளில் நான்கு பெரிய வெடிப்புகள் நடந்தன. ஒவ்வொன்றுக்கும் இடையே லட்சக்கணக்கான ஆண்டுகள் இடைவெளி. அறை நிரம்ப அத்தனை காலம் ஆகிறது. ஆகவே, இப்போது பீதி அடைய வேண்டியது இல்லை.

ஆனால், சிறிய கால்டெராவும் ஆளைக் கொல்லும். 1883-ல் கிரகடோவா வெடித்து இடிந்தபோது, கடல் பொங்கி 36,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அதனால்தான் தரை உயர்கிறதா, நில அதிர்ச்சி கூடுகிறதா, வாயு அதிகம் வருகிறதா என்று விஞ்ஞானிகள் எரிமலைகளைக் கண்காணித்து வருகிறார்கள்.