கொரோனாவுக்குப் பின் வரும் அக்கி

கொரோனா தேறி ஓரிரு வாரம் ஆகியிருக்கும். விலாவின் ஒரு பக்கத்தில் மட்டும் சுரீரென்று எரிச்சல். இரண்டு மூன்று நாளில் அதே இடத்தில் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம். இதுதான் அக்கி. இது வெளியிலிருந்து புதிதாகத் தொற்றியதல்ல. சிறுவயதில் சின்னம்மை கண்டபோது உடம்புக்குள் வந்த வைரஸ்தான் மறுபடி கிளம்பியிருக்கிறது.

சின்னம்மை வைரஸ் உட்பட ஹெர்ப்பிஸ் குடும்பத்து வைரஸ்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. நோய் ஆறினாலும் அவை உடம்பை விட்டுப் போவதில்லை. சின்னம்மை வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் தங்கும். உதட்டுக் கொப்புளம் தரும் வைரஸ் முகத்து நரம்பின் முடிச்சில். எப்ஸ்டீன்-பார் வைரஸ் வெள்ளணுக்களில் ஒருவகையான பி அணுக்களில். அங்கே மரபுப்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு, ஏறக்குறைய எந்தப் புரதமும் செய்யாமல் கிடக்கும். புரதம் வெளிப்படாதவரை எதிர்ப்பணுக்களின் கண்ணில் படாது. அவ்வப்போது தலைதூக்கினால் அடக்குபவை வெள்ளணுக்களில் இன்னொரு வகையான டி அணுக்கள்.

கடுமையான கொரோனாவில் இந்த டி அணுக்கள்தான் வெகுவாகக் குறைகின்றன. உயிரைக் காக்கத் தரப்படும் டெக்ஸாமெத்தசோனும் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்தே. காவல் தளர்ந்ததும் வைரஸ் பெருகி, நரம்பு வழியே தோலுக்கு வருகிறது. அந்த ஒரு நரம்பு எட்டும் பட்டைக்குள்ளேயே கொப்புளம் நிற்பது இதனால்தான். அமெரிக்காவில் 50 வயதைக் கடந்தவர்களிடம் நடந்து 2022இல் வெளியான பெரிய ஆய்வில், கொரோனா வந்தவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு 15 விழுக்காடு கூடியிருந்தது. மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு 21 விழுக்காடு.

வைரஸ் இப்படி ஒளிந்திருந்து கிளம்புகிறது என்பதற்கு வலுவான சான்று திரட்டியவர் பெரிய ஆய்வுக்கூட விஞ்ஞானி அல்லர், ஓர் ஊர் மருத்துவர். இங்கிலாந்தின் சைரன்செஸ்டரில் எட்கர் ஹோப்-சிம்ப்சன், அக்கி கண்டவர்களை 16 ஆண்டுகள் விடாமல் குறித்துவைத்தார். சின்னம்மை பரவும் பருவத்தோடு அக்கி ஏறி இறங்கவில்லை, வயதோடுதான் கூடியது. பழைய வைரஸே விழிக்கிறது என்று 1965இல் எழுதினார். பொறுமையாகக் குறிப்பெடுப்பது எவ்வளவு பெரிய அறிவியல்!

நீடித்த கொரோனாச் சோர்வில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் விழிப்புக்கும் பங்கு உண்டா என்று இப்போது ஆராய்கிறார்கள்.

நம் ஊர்களில் அக்கிக்குக் காவியால் எழுதும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எழுதினால் வைரஸ் அடங்காது, நாள்தான் கழியும். ஏசைக்ளோவிர் போன்ற மருந்தைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பலன். வயதானவர்களுக்குப் புண் ஆறிய பிறகும் நரம்புவலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். ஆகவே, ஒருபக்க எரிச்சலும் கொப்புளமும் கண்டால் உடனே மருத்துவரைப் பாருங்கள். கண்ணருகே வந்தால் அன்றைக்கே போங்கள்.