கொசுவலை அடித்ததும் வராந்தாவில் காற்று குறைவது ஏன்?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வெக்கையும் கொசுவும் சேர்ந்தே வரும். அதனால் அங்கே பல வீடுகளில் வராந்தாவைச் சுற்றி வலையடித்து விடுகிறார்கள். கொசு நின்றுவிடும். கூடவே காற்றும் குறையும். வலை முழுக்க ஓட்டைதானே, பிறகு ஏன்?

வலையைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். வழக்கமான வலையில் ஓர் அங்குலத்துக்கு ஒரு வாட்டில் 18 இழைகள், மறு வாட்டில் 16. அவை அடைப்பது மொத்தப் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

ஆனால், இழையைத் தொட்ட காற்று அதிலேயே ஒட்டிக்கொள்கிறது. டீ வடிகட்டியில் தேனை ஊற்றினால் என்ன ஆகும்? கம்பியைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கித்தானே இறங்கும்? சின்ன ஓட்டையில் காற்றும் கொஞ்சம் அப்படித்தான். ஒட்டிய காற்று பக்கத்துக் காற்றையும் இழுத்துப் பிடிக்க, ஓட்டையின் நடுவில்தான் தாராளமாக வழி கிடைக்கிறது. பலத்த காற்று முட்டித் தள்ளிப் போய்விடும். நமக்கு வேண்டிய இளங்காற்றுதான் பாவம், சிக்கிக்கொள்ளும்.

வீட்டுக்குள் காற்று வர நல்ல வழி, ஜன்னல்களுக்கு வலையடிப்பதை விட்டுவிட்டு வராந்தா முழுக்க வலையடிப்பது. அதே காற்று பெரிய பரப்பில் பரவி மெதுவாக நுழைவதால் மொத்தத் தடை குறையும். உள்ளே ஜன்னல்கள் திறந்தே கிடக்கலாம். தூசி படிந்து ஓட்டை சுருங்கினால் பலன் போய்விடும். அவ்வப்போது தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.