தம்பி பங்கை வாங்க வீட்டை மறு அடமானம் வைக்கிறீர்களா? பத்திரம் மட்டும் போட்டால் போதாது!

திருப்பூர்:

பனியன் கம்பெனி வேலையை நம்பி திருப்பூர் வந்து, அண்ணன் தம்பி சேர்ந்து லோன் போட்டு வீடு கட்டிய குடும்பங்கள் ஏராளம். கல்யாணம் ஆகி பிள்ளைகள் வளர்ந்த பிறகு வீடு பத்தாது. ஒருத்தர் “என் பங்கை கொடுத்துடு, நான் வேற இடம் பார்த்துக்கறேன்” என்பார். கையில் பணம் இருக்காது. அதே வீட்டை மறுபடி அடமானம் வைத்து பங்குத்தொகை கொடுக்க முடிவெடுப்பார்கள். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

முதல் தகராறு கணக்கிலேயே ஆரம்பிக்கும். வீடு 40 லட்சம் போகும், பழைய லோன் இன்னும் 10 லட்சம் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். ‘பாதி பங்கு 20 லட்சம்’ என்று தம்பி கேட்பார். இது தப்புக் கணக்கு. 40-ல் கடன் 10 போக மீதி 30 லட்சம். அதில் பாதி 15 லட்சம்தான் தம்பிக்கு. 20 கொடுத்துவிட்டு பழைய கடனையும் அண்ணனே கட்டினால் 5 லட்சம் சுளையாக நஷ்டம். இதுவரை தவணையை யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதையும் பாஸ்புக்கை வைத்து பேசி முடித்துவிடுவது நல்லது.

அண்ணனுக்கு இப்போது தேவை, பழைய கடன் 10, தம்பிக்கு 15, ஆக 25 லட்சம். 9 சதவீத வட்டி, 15 வருடம் என்றால் மாத தவணை சுமார் 25 ஆயிரத்து 350 ரூபாய். 20 வருடம் என்றால் 22 ஆயிரத்து 500. மாதம் 2,850 ரூபாய் குறைகிறதே என்று ஆசைப்பட்டால், கூடுதலாக 5 வருடம் கட்ட வேண்டும். மொத்தத்தில் 8 லட்சத்துக்கு மேல் அதிகம் போகும்.

ஒற்றை வருமானம் தாங்குமா?

பழைய லோன் கொடுத்தபோது வங்கி இரண்டு பேர் சம்பளத்தையும் பார்த்தது. இப்போது அண்ணன் வருமானத்தை மட்டும் பார்க்கும். சனிக்கிழமை வாரச்சம்பளம் வாங்குகிறவரிடம் சம்பள சீட்டு இருக்காது. வங்கி கையை விரித்தால் தனியார் நிதி நிறுவனத்திடம் போக வேண்டி வரும், அங்கே வட்டி கூடும். வேலைக்குப் போகும் மனைவியை கூட்டுக் கடன்தாரராக சேர்ப்பது ஒரு வழி.

அதே வங்கியில் கூடுதல் கடன் கேட்கலாம். இல்லையென்றால் வேறு வங்கிக்கு கடனை மாற்றலாம். மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வசூலிக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கடன் முழுசாக அடைந்ததும் 30 நாளில் அசல் பத்திரத்தை திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5 ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும். இது 2023 டிசம்பர் 1 முதல் அமலில் உள்ளது.

விடுதலைப் பத்திரம்

தம்பி தன் பங்கை விட்டுக்கொடுக்க விடுதலைப் பத்திரம் எழுதி சார்பதிவாளர் ஆபீசில் பதிய வேண்டும். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி ஊர்ப் பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்து போட்டாலும் செல்லாது. குடும்பத்தினருக்குள் என்றால் முத்திரைத்தீர்வை பங்கின் மதிப்பில் 1 சதவீதம், உச்சவரம்பு 40 ஆயிரம். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10 ஆயிரம். 2023 ஜூலை 10 முதல் இந்த தொகை. 20 லட்சம் மதிப்புள்ள பங்குக்கு 30 ஆயிரம் ஆகும்.

ஒரு விஷயம். விடுதலைப் பத்திரத்தை ஏற்கனவே வீட்டில் பங்கு உள்ளவர் பெயருக்குத்தான் எழுத முடியும். ‘அண்ணி பேருக்கு எழுதிடு’ என்றால், அண்ணிக்கு அதில் பங்கு இல்லாதபட்சத்தில் அது விடுதலை ஆகாது.

கடனில் பெயர் இருக்கிறதா?

பத்திரம் போட்டதும் எல்லாம் முடிந்தது என்று தம்பி நினைப்பார். வீட்டில் இருந்துதான் பெயர் போயிருக்கும், லோனில் அப்படியே இருக்கும். அண்ணன் தவணை தவறினால் வங்கி தம்பியையும் கேட்கும். சிபில் மதிப்பெண் இருவருக்கும் அடிபடும். புது இடத்துக்கு தம்பி லோன் கேட்டால் இந்த பழைய கடனும் கணக்கில் வரும். கடனில் இருந்து விடுவித்ததாக வங்கியிடம் எழுத்தில் வாங்காமல் கையெழுத்து போடக்கூடாது.

அண்ணனுக்கும் ஆபத்து உண்டு. ‘தம்பிதானே’ என்று பணத்தை முன்னாடியே கொடுத்துவிட்டு பத்திரத்தை தள்ளிப்போட்டால், இடையில் தம்பிக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன நடக்கும்? இந்து வாரிசுரிமைப்படி அந்த பங்கு அவர் மனைவி, பிள்ளைகள், உயிரோடு இருந்தால் தாய் என எல்லோருக்கும் போய்விடும். பிள்ளைகள் மைனர் என்றால் அவர்கள் பங்கை எழுதிக்கொடுக்க கோர்ட் அனுமதி வேண்டும். வருஷக்கணக்கில் இழுக்கும்.

அதனால் கடன் மாற்றம், பங்குத்தொகை, பத்திரப்பதிவு மூன்றையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வங்கியிடம் பேச வேண்டும். பங்குத்தொகையை டிடி அல்லது வங்கி மூலமே கொடுத்து, அந்த எண்ணை பத்திரத்தில் எழுதிவிட வேண்டும். சொத்து விஷயத்தில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரி சட்டத்தில் தடை உள்ளது. பணம் பெறும் தம்பிக்கு மூலதன ஆதாய வரி வரலாம் என்பதால் ஆடிட்டரை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

பேச்சு முறிந்தால் பாகப்பிரிவினை வழக்குதான். பிரிக்க முடியாத சின்ன வீட்டை விற்று பணத்தை பங்கிட கோர்ட் உத்தரவிடலாம். ஒருவர் விற்கச் சொன்னால், அவர் பங்கை கோர்ட் மதிப்பிடும் விலைக்கு மற்றவர் வாங்கிக்கொள்ள 1893-ம் ஆண்டு பாகப்பிரிவினை சட்டம் வழி தருகிறது. அப்போதும் பணம் புரட்ட அதே அடமானம்தான், கூடவே வக்கீல் பீசும் சேரும்.

பதிவு முடிந்த பின் வில்லங்க சான்று எடுத்துப் பார்த்து, கூட்டுப் பட்டாவை தனிப் பட்டாவாக மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். வீட்டு வரி, கரண்ட் பில் தம்பி பெயரில் இருந்தால் அதையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.