சிக்னலில் நடுங்கும் பழைய கார்

ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. சிக்னலில் நின்று நியூட்ரல் போட்டதும் ஸ்டீயரிங் அதிரும், டேஷ்போர்டு கடகடக்கும், சில சமயம் இன்ஜின் அணைந்தே போகும். பட்டறைக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகி வேகத்தைக் கூட்டி அனுப்பிவிடுவார்கள். நடுக்கம் அடங்கிவிடும். கோளாறு அப்படியே இருக்கும், பெட்ரோல் செலவு ஏறும். அந்த ஸ்க்ரூவைக் கடைசியில்தான் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் அறிமுகமாகி 2014 தொடக்கம் வரை தயாரான வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். நின்ற நிலையில் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு சிலிண்டரிலும் 400 முறை பெட்ரோல் எரிகிறது. மூன்றையும் சேர்த்தால் நொடிக்கு 20 முறை. இதில் ஒரு சிலிண்டர் மிஸ் ஆனால் மூன்றில் ஒரு பங்கு வலு போய்விடும். அதனால்தான் நாலு சிலிண்டர் வண்டியைவிட இதில் நடுக்கம் பலமாகத் தெரிகிறது.

முதலில், நடுங்குவது இன்ஜினா, அதைத் தாங்கும் ரப்பரா என்று பாருங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு பின்னால் போய் சைலன்சர் சத்தத்தைக் கேளுங்கள். ஒரே சீராக வந்தால் இன்ஜின் நன்றாகவே ஓடுகிறது. மவுண்டிங் ரப்பர் நசுங்கி அதிர்வை பாடிக்குக் கடத்துகிறது என்று பொருள். விட்டுவிட்டு வந்தால் மிஸ்ஸிங். இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். ரேடியேட்டர் மின்விசிறி திடீரென்று சுழலும் என்பதால் துண்டும் துப்பட்டாவும் பக்கத்தில் வரக் கூடாது.

மிஸ்ஸிங் என்றால் எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க வேண்டும். கார்பரேட்டர் வண்டியில், இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு சிலிண்டரின் பிளக் வயரைக் கழற்றுங்கள். அதில் வேறொரு பிளக்கை மாட்டி, அதன் உடல் இன்ஜின் இரும்பில் நன்றாகத் தொடும்படி வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். நடுக்கம் இன்னும் மோசமானால் அந்தச் சிலிண்டர் அதுவரை வேலை செய்துகொண்டிருந்தது. எந்த மாற்றமும் இல்லையென்றால் குற்றவாளி அதுதான். ஓடும்போது வயரைக் கையால் பிடுங்க வேண்டாம், ஷாக் கடுமையாக இருக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பிளக் வயரை விட்டுவிட்டு, இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதே நல்லது.

அந்தச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றினால் அதுவே பாதி கதையைச் சொல்லிவிடும். நுனி இளம் பழுப்பு என்றால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஸ்பார்க் பலவீனம். எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் ஆயில் உள்ளே வருகிறது. வெளுத்திருந்தால் காற்று அதிகம், சூடும் அதிகம். உடனே புது பிளக் வாங்க ஓட வேண்டாம். பக்கத்துச் சிலிண்டர் பிளக்கோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் பிளக்தான் கெட்டது. மாறாவிட்டால் அடுத்தது வயர், பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் கேப். மழைநாளில் மட்டும் வரும் மிஸ்ஸிங்குக்கு அந்தக் கேப்பின் மெல்லிய விரிசலே பெரும்பாலும் காரணம்.

ஒரு சிலிண்டர் என்றில்லாமல் எல்லாமே தடுமாறினால் ஏர் லீக்கைச் சந்தேகிக்கலாம். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம். அதில் வெடித்த ரப்பர் குழாய் வழியே திருட்டுக் காற்றும் சேர்ந்தால் கணக்கு கெட்டுவிடும். வேகம் கூட்டினால் அந்த ஓட்டைக் காற்று மொத்தத்தில் சிறு பங்காகிவிடும், நடுக்கமும் மறையும். இன்டேக் மேனிஃபோல்டின் ஜாயின்ட்டிலும் குழாய் முனைகளிலும் சோப்புத் தண்ணீரைச் சிறிது தெளியுங்கள். பிளக் வயர் பக்கம் படக் கூடாது. தெளித்த கணத்தில் இன்ஜின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் பெடலை மிதித்ததும் இன்ஜின் தடுமாறினால் பூஸ்டரையும் பார்க்க வேண்டும்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது கலவையில் காற்றின் பங்கைக் கூட்டியது போன்ற விளைவைத் தரும். ஆக்ஸிஜன் சென்சார் உள்ள வண்டி தானாகச் சரிசெய்துகொள்ளும், கார்பரேட்டருக்கு அந்த வசதி இல்லை. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். பழைய ரப்பர் பாகங்களுக்கும் ஆகாது. மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டி என்றால் பழைய பெட்ரோலை இறக்கி, கார்பரேட்டர் ஜெட்டுகளைச் சுத்தம் செய்வதில் தொடங்குங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கரி பிடிப்பது த்ராட்டில் பாடியிலும், நின்ற நிலை வேகத்தைக் கவனிக்கும் வால்விலும். ஏசி போட்டால் மட்டும் நடுங்கினால், வேகத்தைச் சற்று உயர்த்திக் கொடுக்கும் ஐடில் அப் அமைப்பு வேலை செய்யவில்லை.

இத்தனைக்கும் அடங்காவிட்டால் வால்வு கிளியரன்ஸ் பார்த்து, கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைந்திருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அந்த நிலையில் டியூனிங்குக்குக் கொடுக்கும் காசு வீண்.

எல்லாம் சரியென்றான பிறகே கார்பரேட்டரின் மிக்சர் ஸ்க்ரூவும் ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவும். புகைச் சோதனைக் கருவியை மாட்டிக்கொண்டு வைத்தால் துல்லியமாக அமையும். புகைச் சான்றிதழுக்காக பெட்ரோல் வண்டியைச் சோதிப்பதும் நின்ற நிலையில்தான். கார்பன் மோனாக்சைடு அதிகமென்றால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. அது குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறியிருந்தால் எங்கோ எரியாமல் வெளியேறுகிறது, அதாவது மிஸ்ஸிங். அடுத்த முறை சான்றிதழை மடித்து உள்ளே வைக்கும் முன் இந்த இரண்டு எண்களையும் படித்துவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.