முட்டியில் ஊன்றிய கைகள்

நம் காலனிகளில் சாயங்காலம் நடந்தால் இந்தக் காட்சி தப்பாது. கல்குவாரியில் இருபது, முப்பது வருஷம் உழைத்த பெரியவர் ஒருவர் திண்ணையில் சாய்ந்து உட்காராமல், முன்னே குனிந்து, இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றியிருப்பார். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துத் தசை புடைக்கும். "வயசாச்சு, இளைப்பு" என்பார்கள் வீட்டார். நாமும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

அது எம்பிசிமாவாக இருக்கலாம். நுரையீரலில் உள்ள நுண்ணிய காற்றறைகளின் சுவர்கள் சிதைந்து, நுரையீரல் தன் இழுவையை இழந்துவிடும் நோய். பீடி பெரிய காரணம்தான். ஆனால் கல் தூசியாலும் வரும். பீடியைத் தொடாத பெண்களுக்கு விறகடுப்புப் புகையாலும் வரும். இழுத்த காற்று முழுதாக வெளியேறாமல் உள்ளே தேங்கி, நுரையீரல் ஊதிப் பெருக்கும்.

அதில் அடி வாங்குவது கீழே இருக்கும் உதரவிதானம். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் இந்தத் தசைதான் மூச்சிழுப்பதில் பெரும்பங்கு வேலை செய்கிறது. கவிழ்த்த சட்டிபோல் வளைந்திருப்பது, சுருங்கும்போது கீழே இறங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். ஊதிய நுரையீரல் அதைத் தோசைக்கல்லாகத் தட்டையாக்கிவிட்டால், இன்னும் எங்கே இறங்குவது? அந்தச் சுமை கழுத்துத் தசைகளுக்கும் தோள் தசைகளுக்கும் போகிறது. கையை ஊன்றினால் அவற்றுக்குப் பிடிமானம் கிடைக்கும். குனிந்தால் வயிறு அழுத்தி, உதரவிதானத்துக்குக் கொஞ்சம் வளைவு திரும்பும். யாரும் சொல்லித் தராமல் அந்தப் பெரியவரின் உடம்பே கண்டுபிடித்த வைத்தியம் இது.

நுரையீரல் குறைப்பு அறுவை சிகிச்சையின் கணக்கும் இதுதான். மிகவும் கெட்டுப்போன பகுதியாகப் பார்த்து 20 முதல் 30 சதவீதம் வரை வெட்டி எடுக்கிறார்கள். மூச்சுக்குத் திணறுகிறவரிடம் இருப்பதையும் வெட்டுவதா என்று தோன்றும். ஆனால் இடம் கிடைத்ததும் உதரவிதானம் மேலெழுந்து வளைகிறது; மூச்சு இலகுவாகிறது. எல்லோருக்கும் அல்ல. அமெரிக்காவில் 1,218 பேரிடம் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், நோய் மேல்பகுதியில் மிகுந்து, உழைக்கும் திறனும் குறைந்திருந்தவர்களுக்கே ஆயுள் கூடியது. நுரையீரல் மிக மோசமாகக் கெட்டிருந்த சிலருக்கு அறுவையே ஆபத்தானது. அங்கும் கத்தியைத் தொடுமுன் எல்லோருக்கும் பல வாரம் நடை, மூச்சுப் பயிற்சி கொடுத்தார்கள்.

அந்தப் பயிற்சிக்குக் கத்தி வேண்டாம். உதட்டைக் குவித்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் அசைப்பதுபோல் மெதுவாக ஊதினால், தேங்கிய காற்று கொஞ்சம் வெளியேறும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவரிடம் இதைக் கேட்கலாம்.

ஒரு பெரியவரை நாம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது ஓ.பி. சீட்டில் 'பீடிப் பழக்கம்' என்று மட்டும் எழுதினார்கள். துளை போட்டதும் ஜல்லி உடைத்ததும் அதில் இல்லை. குவாரியில் தூசியைத் தின்கிற வேலை நம் தெருவுக்கு, கணக்கெழுதும் வேலை வேறு தெருவுக்கு என்பது சீட்டு எழுதுகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும். எந்த வேலை, எத்தனை வருஷம் என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயும், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையும் கேளுங்கள். கல் தூசியால் வரும் சிலிகோசிஸ், இழப்பீட்டுக்கான தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அந்த வழக்கில் அந்தச் சீட்டும் சான்றாக உதவலாம்.